பூக் கேட்டுக் கொடுத்த பரிசு

நான் வரைந்த அந்தச் சின்னம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்றிரண்டு வருடம் வெல்லப் பாக்கெட்டிலும் கிரைண்டர் அட்டைப்பெட்டியிலும் தேங்காய் எண்ணெய் டின்னிலும் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இன்று ஒட்டுவதை நாளை கிழிப்பதுதான் எங்கள் தொழில். ஆனால் அதற்குப் பரிசு கொடுத்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். "இன்னுமா புள்ள அதையே பேசிட்டிருக்கறே?" என்பார் என் வீட்டுக்காரர். பேசுவேன். இன்னும் நாலு பேர் கேட்டாலும் பேசுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துடியலூரில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்துகொண்டிருந்தோம். நான் வரைவேன், அவர் அச்சடிப்பார். கிரைண்டர், மோட்டார், ஊறுகாய், சீயக்காய், நெய் என்று கோயமுத்தூரைச் சுற்றி யார் எதைச் செய்தாலும் அதன் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் எங்கள் கொட்டகையில் கொடிக்கயிற்றில் காய்ந்திருக்கும். பெயிண்ட் வாடை சோற்றில்கூட இருக்கும். என் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. ஸ்டிக்கரக்கா என்றால் தெரியும்.

வரைவேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேனே தவிர, என்னை யார் வரைய விட்டார்கள்? வருகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு பம்பாய் சோப்பு உறையோ பிஸ்கட் உறையோ இருக்கும். "இதே மாதிரி இருக்கோணுமுங்க, பேரு மட்டும் நம்மளுது" என்பார்கள். அன்னூரைத் தாண்டாத ஊறுகாய்க்கு எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று எழுதியிருக்கிறேன். ஒரு கிரைண்டர் கம்பெனிக்காரர், நல்ல மனிதர், எங்கள் பழைய வாடிக்கை, தன் ஸ்டிக்கரில் ஆகாய விமானம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஏனுங்ணா, மாவாட்டறதுக்கும் ஏரோப்ளேனுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டுமுங்க அம்மணி. பாக்கறதுக்குப் பெருசாத் தெரியுமில்லீங்க" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? நம் ஊரில் செய்த பொருளை நம் ஊரில் செய்தது என்று சொல்ல நம் ஆட்களுக்கே கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு வண்ணம் அடித்துக் கொடுத்துத்தான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் இந்தப் போட்டி வந்தது. ஜில்லாவின் உற்பத்தியாளர்களும் வியாபாரிகளும் சேர்ந்து, இந்தப் பக்கத்துப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சின்னம் வேண்டும் என்று பேப்பரில் போட்டார்கள். வெளிநாட்டுச் சரக்குகள் கடைக்குக் கடை வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். ஆட்களுக்குக் கொஞ்சம் பயம் வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். ஐந்து நடுவர்கள். ஜெயித்த படம் இங்கே விளைகிற, இங்கே செய்கிற எல்லாவற்றின் மேலும் இருக்கும் என்றார்கள். போட்டியை நடத்துகிற பொறுப்பு நம் ஏரோப்ளேன் அண்ணனுடையது.

பரிசாகக் கேடயம் உண்டு, பணமும் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது அதெல்லாம் இல்லை. இத்தனை வருடமாக என் கையால் போன படங்களைப் பார்த்து ஒரு மனிதராவது, "இது நல்லாருக்குது, இதத்தான் நான் எடுத்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா? கிடையாது. எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர்போனது. எதைக் காட்டினாலும் "பரவாலீங்க" என்பார்கள். நன்றாக இருந்தாலும் பரவாலீங்க, மட்டமாக இருந்தாலும் பரவாலீங்க. மனசில் என்ன இருக்கிறது என்று அவர்கள் மனைவிமாருக்கே தெரியுமோ என்னவோ. யாராவது ஒருத்தர் என் முகத்துக்கு நேராக, இது உன்னுடையது, இதுதான் சிறந்தது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வரைந்தேன். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை.

என்ன வரைவது என்றுதான் தெரியவில்லை. தென்னை மரம், பஞ்சுக்காய், மோட்டார், மாடு என்று எல்லாவற்றையும் ஒரு வட்டத்துக்குள் திணித்துப் பார்த்தேன். சந்தைக்குப் போகிற டெம்போ மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். அந்தச் சமயத்தில் எண்ணெய் டின் லேபிளைக் கொடுத்துவிட்டு வரப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருந்தது. தேங்காய்க் களத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வியாபாரத்தை வேடிக்கை பார்த்தேன். வாங்க வந்தவர்கள் யாரும் பேசவில்லை. ஆளுக்கொரு காயைக் கையில் எடுத்து, நடுவிரலை மடக்கி அதன் முட்டியால் ஒரு தட்டு, காதருகே வைத்து ஓசையைக் கேட்பது, அவ்வளவுதான். திரும்பி வந்த பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. மோட்டார் கடையில் வார்ப்பைத் தட்டிப் பார்க்கிறார்கள், விரிசல் இருக்கிறதா என்று. கிரைண்டர் கடையில் கல்லைத் தட்டுகிறார்கள். பானைக்காரியிடம் பானையைத் தட்டுகிறார்கள். விலையைக்கூட அப்புறம்தான் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆளிடம் எத்தனை வண்ணத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினாலும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

அதையே வரைந்தேன். மடக்கிய ஒரு விரல், அதன் முட்டி தொடுகிற இடத்திலிருந்து விரியும் மூன்று வளைகோடுகள். ஒரே நிறம், காவி. கீழே, "தட்டிப் பார்த்து வாங்குங்கள்." வேறு எதுவும் இல்லை. வாங்குகிறவர்களே, உங்களுக்கு எங்கள்மேல் சந்தேகமா, வந்து தட்டுங்கள், நாங்கள் பயப்படவில்லை என்று அந்தப் படம் சொல்ல வேண்டும். சொன்னது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆரோ தலையில கொட்டறாப்பல இருக்குதே" என்றார். கொட்டினால் கொட்டட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஏரோப்ளேன் அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் மைசூர்பாகுப் பெட்டி.

"மொதல்ல இனிப்ப எடுத்துக்கங்க அம்மணி. பரிசு உங்களுக்குத்தானுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெல்லாம் பெயிண்ட், முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நெசமாலுமுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"நெசந்தானுங்க. சாமியே குடுத்துருச்சு" என்றார்.

எல்லோரும் சொல்வதுபோலத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவரே விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் இரண்டு படங்கள்தான் மிஞ்சினவாம். ஒன்று என்னுடையது. இன்னொன்று, பம்பாயில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டுத் தம்பியுடையது. கம்ப்யூட்டரில் செய்து கலரில் எடுத்தது. உலக உருண்டையைச் சுற்றி ஓர் அம்பு பறக்கும். அந்தத் தம்பியின் தாய்மாமன், மில் முதலாளி, நடுவர்களில் ஒருவர். மாமன் நடுவர், மருமகன் போட்டிக்காரன் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஐந்து பேரை உட்கார வைத்தால் அதில் இரண்டு பேராவது யாருக்காவது சொந்தமாகத்தான் இருப்பார்கள்.

"அப்பறம் என்னாச்சுங்ணா?"

"என்னாகறது, பூக் கேட்டுப்போட்டமுங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் ஒரே அளவில் கட்டி, குலுக்கி, சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தால் சாமியின் பதில் தெரிந்துவிடும். பெண் எடுப்பது, போர்வெல் போடுவது, பங்கு பிரிப்பது எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். என் கல்யாணத்துக்கே கேட்டுத்தான் முடித்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒரு படப் போட்டிக்குப் பூக் கேட்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஐந்து நடுவர்களும் காரில் ஏறி, அவிநாசி ரோட்டோரம் ஒரு அம்மன் கோயிலுக்குப் போய், வெள்ளை எனக்கு, சிவப்பு அந்தத் தம்பிக்கு என்று வைத்து, விளக்குப் போட வந்த யாரோ ஒரு அம்மாவை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை வந்ததாம்.

"ஏனுங்ணா, அஞ்சு பேரும் பாத்து ஒண்ணுமே சொல்லலீங்களா?" என்றேன்.

"சொன்னாங்களே. மூணு பேரு உங்குளுதுக்குச் சொன்னாங்க, ரெண்டு பேரு அந்தத் தம்பியுதுக்கு. பனியனை எப்பிடிங்க தட்டிப் பாக்கறதுன்னு திருப்பூர்க்காரரு ஒருத்தரு மட்டும் கொஞ்சம் பேசுனாரு."

"மூணு பேருன்னா அப்பவே எனக்குக் கெடைச்சுருச்சுங்களே?"

"கெடைச்சதுதானுங்க. அத ஆருங்க அந்த ஊட்டுல போயிச் சொல்றது? தம்பியோட அம்மா இருக்கறாங்களே, அவங்க ஒரு சொல்லுச் சொன்னா மில்லுச் சங்கு நின்னுபோயிரும். அவங்களுக்கு மனசுக் கஷ்டம் வரக்கூடாதுன்னு அந்த மாமாதான் சொன்னாரு, சாமிகிட்டயே உட்டுப்போடலாமுங்கன்னு. சாமி சொல்லிருச்சுன்னா ஒருத்தரும் ஒருத்தரைக் கொறை சொல்ல முடியாதில்லீங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி! எல்லோருக்கும் நல்லபடியாக ஒரு காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி. நான் கையிலிருந்த மைசூர்பாகைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன்.

"சிவப்பு வந்திருந்தா என்னங்ணா பண்ணியிருப்பீங்க?"

"வரலீங்களே."

"வந்திருந்தாண்ணா?"

"அதுதான் வரலீங்களே அம்மணி" என்று அவர் சிரித்தார். என் கேள்வி அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஜெயித்துவிட்ட ஒருத்தியின் பரிசைப் பொட்டலம் கட்டிக் குலுக்கியிருக்கிறார்கள். வேறு பொட்டலம் கையில் வந்திருந்தால் அதே மைசூர்பாகுப் பெட்டி அந்தப் பெரிய வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு ஓட்டுப் போட்ட மூன்று பேரும் தாங்கள் தேர்ந்தெடுத்ததை விழுங்கிவிட்டுக் கை தட்டியிருப்பார்கள். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அடுத்த மாதம் வந்து, அந்த உலக உருண்டையை ஸ்டிக்கர் போட்டுக் கொடு என்று என்னிடமே கேட்டிருப்பார்கள். நானும் போட்டிருப்பேன். நினைக்க நினைக்கக் கொதித்தது.

"பரிசளிப்பு விழாவுல ஓட்டு எத்தனைன்னு சொல்லிப்போடுங்ணா. அது போதும் எனக்கு" என்றேன்.

அவர் பதறிப்போனார். "அதெப்பிடிங்க அம்மணி? பெரிய மனுசங்க. ரெண்டும் சமமா இருந்துச்சு, அதனால பூக் கேட்டோமுன்னுதான் சொல்லோணும். அழைப்பிதழே அடிச்சுப்போட்டோமுங்க."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "பரிசு வந்துருச்சில்ல? எந்த வழியா வந்தா என்ன? அந்த அஞ்சு பேருல மூணு பேருக்கு நாமதான் ஸ்டிக்கர் போடறோம். வாயை வெச்சுட்டுச் சும்மா இரு."

"எந்த வழியா வந்தா என்னவா? நடந்து வந்த மனுசியத் தூக்கிட்டு வந்தோமுன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"சாமி விசயம் புள்ள."

"சாமி விசயமில்லீங்க. இது அந்த அம்மாவுக்குப் பயந்தவுங்க விசயம்" என்றேன். அவர் கொட்டகைக்குப் போய் வேகவேகமாக அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான், அன்றைக்கு வேலை இரண்டு மடங்கு நடக்கும்.

போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. போகாவிட்டால் யாருக்கு நஷ்டம்? உடம்பு சரியில்லை என்று அவர்களே ஒரு மரியாதையான காரணம் சொல்லி என் வீட்டுக்காரர் கையில் கேடயத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போவதுதான் சரி என்று பட்டது. கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே நுழைந்தால் பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லாம் உண்டு. மேடையில் நடுவர்கள் ஐந்து பேர்: பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி, ஃபவுண்டரிக்காரர், திருப்பூர் பனியன்காரர், காலேஜில் பாடம் எடுக்கிற அம்மா ஒருவர், அப்புறம் அந்த மில் முதலாளி. முன்வரிசையில் நடுநாயகமாக அவருடைய அக்கா. அவருடைய வைர மூக்குத்தி பின்வரிசையில் இருந்த என் வரைக்கும் மின்னியது. பக்கத்தில் மகன், அந்தப் பம்பாய்த் தம்பி, எப்போது முடியும் என்று காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பாவம், அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் படம் வரைந்தான், அனுப்பினான். கோபமெல்லாம் அந்த மாமன்மேல்தான். ஓட்டில் தோற்றுப்போன மருமகனுக்குப் பூவில் இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்த மனிதர் என்று மனசுக்குள் வைதுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏரோப்ளேன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். வரவேற்றார், எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். பிறகு, "ரெண்டு படமும் சரிக்குச் சமமா இருந்ததால நடுவர்கள் முடிவு செய்ய முடியலீங்க. அம்மன் உத்தரவு கேட்டோம். அம்மன் வெள்ளைப் பூக் குடுத்துருச்சுங்க" என்றார். கூட்டம் கை தட்டியது. சில பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். கேடயத்தை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. கைகூப்பி, "ஒரு வார்த்தை பேசிக்கறனுங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லப்போகிறாள் என்று அண்ணன் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்.  

"அம்மன் மேல எனக்கும் பக்தி இருக்குதுங்க. நமக்குத் தெரியாததத்தானுங்க சாமிகிட்டக் கேக்கோணும். தெரிஞ்சதக் கேக்கலாமுங்களா? ரெண்டும் சமமில்லீங்க. மூணு பேரு என்ற படத்தத்தான் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த மூணு பேரு ஆருன்னு தெரியாது. எம்படம் நல்லாருக்குதுன்னு எடுத்தவுங்க இங்க கையத் தூக்குனா நான் கேடயத்த வாங்கிக்கறனுங்க. ஆரும் தூக்கலைன்னா படத்தக் குடுத்துருங்க, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

 அண்ணன் மைக்குக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஒரு பேச்சுக்காகப் பிற்பாடு எங்களுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. "அந்தப் பொம்பளையா, வாயாடியாச்சே" என்று சொன்னவர்களும் உண்டு. சொல்லட்டும். அன்றைக்கு அந்த மேடையில் நிற்காமல் இறங்கியிருந்தால் நான் அதற்குப் பிறகு ஒரு கோடு வரைந்திருக்க மாட்டேன்.

முதலில் பொள்ளாச்சிக்காரர் தூக்கினார். யோசிக்கவே இல்லை, பஸ்ஸை நிறுத்துகிறவர்போல விருட்டென்று தூக்கினார். அவரைப் பார்த்துவிட்டு அந்தக் காலேஜ் அம்மா தூக்கினார். மூன்றாவது கை வரவில்லை. நான் ஃபவுண்டரிக்காரரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். பனியன்காரரைப் பார்த்தேன், தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டார், காலி டம்ளர். அவ்வளவுதான், அந்த மாமனைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை. என் மனசு நோகக்கூடாது என்று அண்ணன் ஒன்றைக் கூட்டி மூன்றாகச் சொல்லிவிட்டாரோ? உண்மையில் நான் தோற்றுத்தான் போயிருந்தேனோ?  படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று திரும்பினேன்.

அப்போதுதான் பார்த்தேன். மில் முதலாளியின் வலது கை மேஜையிலிருந்து மெல்லக் கிளம்பி, சட்டைப் பையைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. காதைச் சொறிகிறார் என்றும் சொல்லலாம். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, நீயா?" என்றார் அந்த அம்மா. மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நாந்தானுங்கக்கா" என்றார் அவர். ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் குரலில் சொன்னார். "அந்தப் படந்தான் எனக்குப் புடிச்சிருந்துச்சு. உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டுத்தான் பூக் கேக்கலாமுன்னேன்."

  எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எனக்கு ஓட்டுப் போட்டவரே என்னைப் பொட்டலத்தில் கட்டிக் குலுக்கியிருக்கிறார் என்று தெரிந்ததும் கோபம் இன்னொரு பங்கு கூடித்தான் போயிற்று. அவர் கை இன்னும் காதருகில்தான் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடும்.

நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கைய நல்லாத் தூக்குங்ணா" என்றேன். "பின்னாடி உக்காந்திருக்கறவுங்களுக்குத் தெரியலீங்க."